உண்மைப் பிரதி

திரையின் வலது கீழ்மூலையில்
மணிக்கூட்டுக்குச் சற்று மேலே
ஒரு வரி நிற்கும், சாம்பல் நிறத்தில்:
இந்தப் பிரதி உண்மையானதல்ல.

மடத்தடிச் சந்தியில்
பிரதி எடுத்துப் பிழைக்கிறவள் நான்.
பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வள்ள அனுமதி.
ஒரு பக்கம் பதினைந்து ரூபா,
இரண்டு பக்கமும் என்றால் இருபத்தைந்து.
சமாதான நீதவான் பூபாலரத்தினம் ஐயா
'உண்மைப் பிரதி' என்று குத்திக் கையெழுத்து வைப்பார்.
மறதிக்காரர்.
அவருடைய முத்திரை பாதி நாள்
என் மேசையில்தான் கிடக்கும்.
ஆளில்லாத ஒரு மத்தியானம்
அதை எடுத்துத் திரையின் மூலையில் குத்திப் பார்த்தேன்.
மை ஒட்டியது. வரி போகவில்லை.

வாங்கும்போதே உள்ளே இருந்தது அது.
'எல்லாம் போட்டுத்தான் கிடக்கு அக்கா' என்றான் விற்ற பொடியன்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
இரவல் வீடுகளில் இருந்து பழகிய சனம் நாங்கள்,
சுவரில் ஆணி அடிக்கமாட்டோம்.

கரண்ட் போய்ப் போய் வந்த அந்த வருஷம்
முப்பத்துநாலு வீதத்தில் நின்றுகொண்டு
'அணைக்க வேண்டாம்' என்றது என்னைப் பார்த்து.
நானா அணைக்கிறேன்?
மின்சார சபையிடம் போய்ச் சொல்.
வெளியே வெயிலில் ஏழு பேர்,
கையில் நிவாரண விண்ணப்பம்.

இரவு டேட்டா மலிவு.
பன்னிரண்டு மணிக்குப் பிறகு, இரண்டு இரவாக,
லினக்ஸை இறக்கிப் பென்டிரைவில் ஏற்றினேன்.
உள்ளே 'உரிமம்' என்று ஒரு கோப்பு.
வழமையாக வாசிக்காமலே சம்மதம் சொல்பவள்
அன்று நித்திரை வராமல் வாசித்தேன்.
ஆங்கிலம் கரடுமுரடு. விளங்கியது இவ்வளவுதான்:
பிரதி எடு. பிறருக்குக் கொடு.
திறந்து பார். பிடிக்காவிட்டால் மாற்று.
திரும்பவும் முதலில் இருந்து வாசித்தேன்.
என் கடைக்கு வந்த எந்தத் தாளும்
அப்படிச் சொன்னதில்லை.

பிறகு பிரிண்டர் மூன்று நாள் என் முகம் பார்க்கவில்லை.
வந்தவர்களை எதிர்க்கடை நிஹ்மத்துல்லா நானாவிடம் அனுப்பினேன்.
நாலாம் நாள் அவரே வீதியைக் கடந்து வந்து
'கடையக் கிடைய மூடப் போறியளோ தங்கச்சி?' என்றார்,
பாதி கவலை, பாதி ஆசை.

பழைய கோப்புகளைத் திறந்தபோதுதான் கை நடுங்கியது.
பதினொரு வருஷம் பாமினியில் அடித்தவை.
அம்மா என்று அடித்த இடத்தில்
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
மரண அறிவித்தல், பூப்புனித அழைப்பிதழ்,
வேலிச் சண்டை முறைப்பாடு
எல்லாம் ஒரே பிதற்றல்.
அப்போ இவ்வளவு நாளும் நான் அடித்தது
தமிழே இல்லையா?
ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகத்தை ஒட்டி
ஊருக்கே விற்றிருக்கிறேன்.
சாம்பல் வரி என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது.

எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டால் தெரியும்தான். போடவில்லை.
கடை பூட்டிய பிறகு ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்றுகிறேன்.
சிவபாக்கியம் அக்காவின் கடிதம் பதினாறு தரம் வந்தது.
அதே பெயர், அதே வயது, அதே சேட்டின் நிறம்.
திகதியும் அனுப்புகிற அலுவலகமும்தான் வேறு வேறு.
ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கலாம்.
பதினாறையும் மாற்றினேன்.

பழையதை முழுக்கத் துடைக்கவில்லை.
மீனவர் சங்கக் கணக்கு அதற்குள் மட்டும்தான் திறக்கும்;
பொருளாளர் டக்ளஸ் அன்ரனி ஒன்றையும் மாற்ற விடமாட்டார்.
ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது.
காலையில் எது வேண்டுமென்று
பத்து வினாடி கேட்டுக்கொண்டு நிற்கும்.
நான் ஷட்டரைத் தூக்கி,
கடதாசி வெட்டுத் தின்ன வந்த மானை விரட்டி,
வாசலுக்குத் தண்ணீர் தெளித்து உள்ளே வருவதற்குள்
அதுவாகவே புதியதைத் திறந்து வைத்திருக்கும்.

மூலையில் மணிக்கூடு மட்டும். எட்டு ஐந்து.
கண்ணாடியில் இன்னும் கொஞ்சம் ஊதா மை.
பூபாலரத்தினம் ஐயா வருகிறார்,
முத்திரையைத் தேடிக்கொண்டு.